கொண்டை ஊசி வளைவில் ஃபியூஸ் போகும் வண்டி

கல்வராயன் மலைக்கு எல்லோரும் அருவி பார்க்கப் போவார்கள். நான் என் மனைவி சுமதியை வேலையில் சேர்க்கப் போனேன். கரியாலூர் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை வேலை. பி.எட். முடித்துவிட்டு ஏழு வருஷமாகக் கள்ளக்குறிச்சி ஜவுளிக்கடையில் புடவை பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தவளுக்குப் போன ஜூன் மாதம் போன் வந்தது. ஒரே நிபந்தனை: அடுத்த வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் ஒரிஜினல் சான்றிதழ்களோடு நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் வேலை பட்டியலில் அடுத்த ஆளுக்கு.

ஒரிஜினல் இருந்தது ஜவுளிக்கடை முதலாளியிடம். எங்கள் ஊர்க் கடைகள் சிலவற்றில் இது சகஜம், சேரும்போதே வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்வார்கள். "வேற ஆளு வரட்டும்மா, தரேன்" என்று இழுத்தடித்து, வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றரைக்குத்தான் மனுஷன் பீரோவைத் திறந்தார். மதிய பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் நாலு மணிக்கு மேல்தான் போய்ச் சேரும். நாற்பது கிலோமீட்டருக்குள்தான் தூரம். மிச்சமிருந்தது என் பதினெட்டு வருஷத்து வண்டி.

அந்தச் சனியனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்த வாரம் முழுக்க ஒரே வியாதி. பகலில் நன்றாக ஓடும். ராத்திரி ஹேண்டில் லாக் போட்டு நிறுத்தினால் காலையில் செத்துக் கிடக்கும். ஹாரன் இல்லை, லைட் இல்லை, ஸ்டார்ட்டும் இல்லை. பார்த்தால் ஃபியூஸ் போயிருக்கும். பேட்டரி மாற்றினேன், ரெகுலேட்டர் மாற்றினேன், இரண்டும் சேர்ந்து இரண்டாயிரத்துக்கு மேல் ஆயிற்று. மெக்கானிக் மீட்டரை வைத்துக் காட்டினார்.

"இத்த பாருங்க சார், ரைஸ் பண்ணா பதினாலு வோல்ட் காட்டுது. சார்ஜிங் நல்லாதான் கீது."

"அப்புறம் ஏன் ஃபியூஸ் போவுது?"

"எங்கியோ ஷார்ட் ஆவுது. எங்கன்னுதான் தெரில. ரெண்டு ஃபியூஸ் வாங்கி பையில போட்டுக்குங்க."

இதுதான் வைத்தியம்!

ஒன்றே முக்காலுக்குக் கிளம்பினோம். கச்சிராயபாளையம் வரை வண்டி பட்டுப்போல ஓடியது. அங்கே பெட்ரோல் போட்டுக்கொண்டோம். நீங்களும் அங்கேயே போட்டுக்கொள்ளுங்கள், மேலே நம்பிப் போகாதீர்கள். மலை ஏற ஆரம்பித்துச் சிறிது தூரத்தில் இடது பக்கம் திரும்பும் கொண்டை ஊசி வளைவு. திருப்பினேன், அவ்வளவுதான். வண்டி நின்றது.

ஃபியூஸ். மாற்றினேன். அடுத்த வளைவு வலது, தாண்டிவிட்டோம். அதற்கடுத்தது இடது. மறுபடியும் செத்தது. கையில் இருந்தது ஒரே ஒரு ஃபியூஸ். அதையும் போட்டு எரித்துவிட்டால் நடுமலையில் நிற்க வேண்டியதுதான். பேட்டரி முனைகளை இறுக்கினேன், ஹெட்லைட் ஒயரைப் பிடுங்கினேன், ஹாரனைப் பிடுங்கினேன், பிரேக் லைட்டைப் பிடுங்கினேன். எல்லாமே நன்றாகத்தான் இருந்தன. சுமதி ஃபைலை நெஞ்சோடு பிடித்தபடி மைல்கல் மேல் உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மூன்றரை மணிக்கு மரவள்ளிக் கிழங்கு ஏற்றப் போகும் வெறும் பிக்கப் ஒன்று வந்தது. டிரைவர் நிறுத்தினார்.

"இன்னா சார், வண்டி மக்கர் பண்ணுதா? அக்காவ ஏறச் சொல்லுங்க. நான் அந்தப் பக்கந்தான் போய்க்கினு இருக்கேன்."

"நாலு மணிக்குள்ள போய்டலாமாண்ணா?" என்றாள் சுமதி.

"கஷ்டந்தாம்மா. மிதிக்கிறேன், ஏறு."

அவள் போனதும் ரோட்டோரம் உட்கார்ந்து அழுதேன். எதற்குப் பொய் சொல்ல வேண்டும், ஏங்கி ஏங்கி அழுதேன். அழுது முடித்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. இரண்டு முறையும் இடது வளைவு. வீட்டில் ஹேண்டில் லாக் போடுவதும் இடது பக்கம் ஒடித்துத்தான். மெக்கானிக் கடையில் வண்டி எப்போதும் நேராகத்தான் நின்றது, யாரும் ஹேண்டிலைத் திருப்பிப் பார்க்கவில்லை.

பழைய வண்டிக்காரர்கள் கவனியுங்கள். இண்டிகேட்டர் பல்பு ஒன்றைக் கழற்றி, இரண்டு துண்டு ஒயரில் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் மாட்டினேன். எல்லாவற்றையும் அணைத்துவிட்ட பிறகும் பல்பு பளிச்சென்று எரிந்தால், அந்த நேரத்தில் ஷார்ட் இருக்கிறது என்று அர்த்தம். நேராக வைத்தால் எரியவில்லை. இடது பக்கம் ஒடித்தேன். எரிந்தது.

செல்போன் வெளிச்சத்தில் ஹேண்டிலுக்கடியில் பார்த்தேன். திருஷ்டிக்குக் கட்டிய எலுமிச்சம்பழமும் மிளகாயும். கட்டியது நூலில் இல்லை, கட்டட வேலைக்கு வாங்கி மீந்திருந்த கட்டுக்கம்பியில். ஹேண்டிலோடு ஒயர்க் கற்றையையும் சேர்த்து முறுக்கியிருந்தது. கம்பி முனை சாவிக்குப் போகும் சிவப்பு ஒயரைக் கிழித்திருந்தது, இடது பக்கம் ஒடிக்கும்போதெல்லாம் உள்ளே குத்தி ஷார்ட் ஆக்கியது. வேலை கிடைத்ததாகப் போன் வந்த அன்று சாயங்காலம், "ஊரு கண்ணு படக்கூடாதுங்க" என்று சுமதி தன் கையால் இறுக்கி முறுக்கிக் கட்டியது.

கம்பியை வெட்டித் தூக்கிப் பள்ளத்தில் எறிந்தேன். ஒயரில் டேப் சுற்றினேன், கடைசி ஃபியூஸைப் போட்டேன். பிடுங்கியதையெல்லாம் மாட்டிவிட்டுக் கிளம்பினால், பாவி வண்டி எல்லா வளைவிலும் குதிரையாக ஏறியது.

ஐந்து மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். பள்ளி கேட்டுக்கு வெளியே சுமதி நின்றிருந்தாள்.

"கால் மணி நேரந்தாங்க லேட்டு. அடுத்த பேர்ல இருந்த பொண்ணு கைக்கொழந்தையோட காலைலேர்ந்தே காத்துக்கினு இருந்திச்சாம். நாலு அடிச்சதும் கையெழுத்து வாங்கிட்டாங்க. அதுங்கிட்ட போயி இன்னான்னு சண்ட போடறது?"

வண்டியைத் திருப்பி நிறுத்தினேன். அவள் வண்டியில் ஏற வந்தவள், ஹேண்டிலைப் பார்த்து நின்றாள்.

"எலுமிச்சம்பழம் எங்க?"

"கழட்டிட்டேன். கிழிஞ்ச ஒயரு அதுக்குப் பின்னால இருந்துச்சி."

"அத்தப் போயி ஏங்க கழட்டுனீங்க? அதான் எல்லாம் தட்டிப்போச்சி." அப்போதுதான் அவள் அழுதாள்.

திங்கட்கிழமை ஜவுளிக்கடைக்குப் போனோம். அவள் நிற்கும் இடத்தில் புதுப்பெண் புடவை பிரித்துக்கொண்டிருந்தாள்.

மலைக்குப் பழைய வண்டியில் போகிறவர்கள் கிளம்பும் முன் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்துச் சோதியுங்கள். பல்பும் ஒயர்த்துண்டும் டேப்பும் கையோடு இருக்கட்டும். திருஷ்டிக்கு நூலில் கட்டுங்கள், ஒயரை விட்டுத் தள்ளிக் கட்டுங்கள். சுமதி இதையெல்லாம் படிக்க மாட்டாள். படிக்கிற சொந்தக்காரர்கள் தயவுசெய்து அவளிடம் வாயைத் திறக்காதீர்கள். நான் கழற்றியதால்தான் வேலை போனது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்படியே இருக்கட்டும்.