நீல ஜிகினா வளையம்

என் மகள் காய்ச்சல் தீர்ந்து வீடு திரும்பி ஒரு வாரம் ஆகிறது. தீவிரச் சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த நாட்களில் எனக்கு ஓயாமல் நினைவுக்கு வந்தது ஒரு பூச்சி.

என் சிறுவயதில், அஸ்தினாபுரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டுக் கூடத்துச் சுவரில், வெள்ளரி விதை போன்ற சாம்பல் நிறப் பை ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. எல்லா வீட்டிலும் இருப்பதுதான், துடைப்பத்தால் தட்டிவிடுவார்கள். அதற்குள் புழு இருக்கிறது, ஒருநாள் அந்துப்பூச்சியாகும் என்று அப்பா சொன்ன பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை. தலையை நீட்டி, வீட்டையும் இழுத்துக்கொண்டு போகும். வழி அடைபட்டால் திரும்பாது. பையின் மறுமுனையில் தலையை நீட்டிவிடும். தூசியைத் தன் நூலில் கோத்துத்தான் பையை வளர்க்கிறதாம். கிறிஸ்மஸ் குடிலுக்கு வாங்கிய நீல ஜிகினாத் தூளைச் சுவரோரம் தூவிவைத்தேன். சில நாளில் பையின் வாயில் நீல வளையம் மின்னியது. எந்த நகை ஆசாரியும் அப்படிச் செய்திருக்க முடியாது.

இன்று ஆறடி வளர்ந்து நிற்கும் என் தம்பி அப்போதுதான் குறைமாதத்தில் பிறந்து, ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியில் இருந்தான். அம்மா பகலெல்லாம் அதன் எதிரே உட்கார்ந்திருப்பாள். தொட விடமாட்டார்கள். அவன் வருவதற்குள் வெள்ளையடித்துவிட அப்பா ஆள் வைத்தார்.

அந்த வாரம்தான் பை சுவரில் ஒட்டி, அசையாமல் நின்றுபோனது. செத்துவிட்டதா என்று கீறிப் பார்க்க பிளேடை எடுத்தேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அம்மா அதை வாங்கி வைத்துவிட்டு, வெள்ளையடிப்பவரிடம் அந்த இடத்தை விட்டுவிடச் சொன்னாள்.

“இன்னாம்மா, ஒரு பூச்சிக்கோசரம் செவுத்த பாதில வுட சொல்ற? சாரு என்னத்தான் கேப்பாரு.”

“நான் சொல்லிக்கிறேன் அண்ணா. நீங்க விடுங்க.”

மாலையில் அப்பா அந்த அழுக்குச் சதுரத்தைப் பார்த்தார். “கிறிஸ்மஸுக்கு வர்றவங்க கேட்டா என்ன சொல்றது?”

“குடித்தனம் இருக்குன்னு சொல்லுங்க.”

தம்பி பிறந்த பிறகு அப்பா சிரித்தது அன்றுதான்.

ஒரு காலையில் நீல வளையத்தில் வெற்றுத்தோல் துருத்திக்கொண்டிருந்தது. பக்கத்தில், நகத்தைவிடச் சிறிய சாம்பல் பூச்சி, ஈரம் உலராத சிறகோடு. தானே பின்னிய வீட்டை விட்டு, தானே வழி கண்டு வெளியே வந்திருந்தது. கத்திக் கூப்பிட்டேன். அம்மா பாதி வாரிய தலையோடு ஓடிவந்தாள். அது பறக்கும்வரை நின்று பார்த்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஒரு பூச்சிக்குப் போய் அழுகிறாளே என்று அன்று எனக்குச் சிரிப்பாக இருந்தது.