ஆயிரத்து இருநூற்று ஒன்றாவது வாத்து

2006-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடம். வெயில் மண்டையைப் பிளந்தது. காற்று இல்லை. எங்கள் சூளைக் கொட்டகையைச் சுற்றியிருந்த ஏழு வேப்ப மரங்களில் ஓர் இலைகூட அசையவில்லை. வானத்தில் மேகம் இருக்கிறதா என்று பார்த்தேன், ஒன்றுகூட இல்லை. இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம், இதற்குப் பிறகு நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பமாட்டீர்கள் என்பதுதான். இதையாவது நம்புங்கள்.

எனக்குப் பேய், பில்லி, ஜோசியம், குறி எதிலும் நம்பிக்கை இருந்ததில்லை. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் முப்பத்தோரு வருடம் ஸ்டோர் கணக்கராக இருந்தவன் நான். சூளைக்குள் போகும் சாமானை எண்ணுவதும் வெளியே வரும் சாமானை எண்ணுவதும்தான் என் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. பழமலைநாதர் கோயிலுக்குப் போனால்கூட ஐந்து கோபுரமும் ஐந்தாகவே இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவேன். என் மனைவிக்கு இது பிடிக்காது. அது வேறு கதை.

என் மகன் குமரேசன் சொந்தமாகச் சின்னதாக ஒரு பட்டறை வைத்து பீங்கான் பொம்மை செய்துகொண்டிருந்தான். அங்கேயும் எண்ணிக்கை நோட்டு என்னிடம்தான் இருந்தது. எழுபத்தொரு வயதில் எனக்கு மிச்சம் இருந்த உத்தியோகம் அந்த நோட்டு ஒன்றுதான். அந்த வருடம் இரண்டு முறை மூக்குக் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டே தேடினேன் என்பதற்காக, நோட்டைப் பட்டறையில் வேலை செய்யும் அமுதாவிடம் கொடுத்துவிடலாம் என்று குமரேசன் பேச ஆரம்பித்திருந்தான். மூக்குக் கண்ணாடிக்கும் எண்ணிக்கைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன்.

இந்த நேரத்தில்தான் சென்னையிலிருந்து டிவிக்காரர்கள் வந்தார்கள். தங்களுக்கு ஞானதிருஷ்டி இருப்பதாகத் தாங்களே சொல்லிக்கொள்கிறவர்களைக் கூட்டி வைத்துப் போட்டி நடத்தும் நிகழ்ச்சி. மூடிய பெட்டிக்குள் என்ன இருக்கிறது, திரைக்குப் பின்னால் நிற்பது ஆணா பெண்ணா என்றெல்லாம் கேட்பார்கள். என் மனைவி வாரம் தவறாமல் பார்ப்பாள். கடைசிச் சுற்றுக்கு, யாரும் எட்டிப் பார்க்க முடியாத இடம் ஒன்று அவர்களுக்கு வேண்டியிருந்தது. செங்கல் வைத்து அடைத்து, நெருப்பு மூட்டிய சூளையைவிட அப்படிப்பட்ட இடம் எங்கே இருக்கிறது? யாரோ எங்கள் பட்டறையைக் காட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

கேள்வி இதுதான். சூளைக்குள் எத்தனை பொம்மை போயிருக்கிறது என்று எல்லோருக்கும் சொல்லிவிடுவார்கள். உடையாமல், விரிசல் விடாமல் எத்தனை வெளியே வரும் என்று போட்டியாளர்கள் சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமை கேமரா முன்னால் நானே சூளையை நிரப்பினேன். வாத்து பொம்மைகள், உள்ளங்கை அளவு, எல்லாம் ஒரே அச்சு. ஒரு தட்டில் பத்துப் பத்தாக ஐந்து வரிசை, ஐம்பது வாத்து. ஐம்பத்தொன்றாவதை வைக்க விரல் நுழையும் இடம்கூடக் கிடையாது. இருபத்து நான்கு தட்டு. மொத்தம் ஆயிரத்து இருநூறு. முதல் வாத்தை வைக்கும்போது வழக்கம்போல் "லாபம்" என்று சொல்லிவிட்டு, அடுத்ததை "ரெண்டு" என்று எண்ணினேன். நிகழ்ச்சியை நடத்தும் தம்பி குறுக்கே வந்தான்.

"சார், ஒண்ணு எங்க போச்சு?"

"லாபம்தான் ஒண்ணு. நெல் அளக்கிறப்ப எப்புடி அளப்பாங்க, நீ பார்த்ததில்லையா?"

"நான் பாக்கெட்ல வாங்குறேன் சார்."

எல்லோரும் சிரித்தார்கள். வாசலைச் செங்கல் அடுக்கி, களிமண் பூசி அடைத்ததும், அந்த ஈர மண்ணில் அவனே விரலால் தன் கையெழுத்தைப் போட்டான்.

வெள்ளிக்கிழமை நெருப்பு. சனிக்கிழமை விடியற்காலையில் அணைத்தோம். திங்கட்கிழமை காலையில்தான் பிரிக்க வேண்டும். சூடு முழுதாக இறங்குவதற்கு முன் வெளிக்காற்று பட்டால் பீங்கான் விரிசல் விடும், இது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். டிவிக்காரர்களுக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டார்களாம். குமரேசன் முடியவே முடியாது என்றான். வாத்துக்கு ஆர்டர் கொடுத்த கடைக்காரர் காத்திருந்தார். அப்போது அந்தத் தம்பி என்னைப் பார்த்து, "பெரியவர் எண்ணிக்கை தப்பாயிடும்னு பயப்படுறாரோ" என்றான். எனக்குச் சுருக்கென்றது.

"பிரிடா" என்றேன்.

"ப்பா, உனக்கு என்ன ஆச்சு? பாதி போயிடும்."

"போனா போவுட்டும். பிரி."

"சரி. ஆனா எண்ணிக்கையில ஒண்ணு தப்புனாலும் நோட்டு அமுதாகிட்ட. சொல்லிட்டேன்."

"தப்பாது."

போட்டியாளர்கள் ஆறு பேர். கழுத்தில் எட்டு மாலை போட்டிருந்த சேலத்துக்காரர் சூளையைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு ஆயிரத்து நூற்று நாற்பது என்றார். இதற்கு எதற்குக் கண்ணை மூட வேண்டும்? நூற்றுக்கு ஐந்து போகும் என்று நானே சொல்வேன். மற்ற நான்கு பேரும் அதைச் சுற்றியே ஏதோ ஓர் எண்ணைச் சொன்னார்கள். கடைசியாக இருந்தது மல்லிகா என்ற பெண், நாற்பத்தைந்து வயது இருக்கும், திட்டக்குடிப் பக்கம் மாவு மில் வைத்திருக்கிறவர். தொலைந்துபோன மாடு எங்கே நிற்கிறது என்று சொல்வாராம். அவர் சூளையைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆயிரத்து எரநூத்தி ஒண்ணுங்க."

தம்பிக்கு ஒரே கொண்டாட்டம். "மேடம், உள்ள போனதே ஆயிரத்து எரநூறுதான்."

"தெரியுங்க. எனக்கு ஒண்ணு கூடத்தான் வருது."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு வாத்துகூட உடையாது என்கிறார், அது ஒரு பொய். முப்பத்தோரு வருடத்தில் சேதமே இல்லாத சூளையை நான் பார்த்ததில்லை. போதாததற்கு ஒன்று கூடுதலாம். "ஏம்மா, சூளையில முட்டையா உடுது?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

மூன்று நாற்பதுக்கு வாசலைப் பிரித்தோம். மண்ணில் போட்ட கையெழுத்து கீறல் இல்லாமல் காய்ந்து கல்லாகியிருந்தது. கேமரா அதைக் கிட்டே போய்ப் படம் எடுத்தது. கையுறை போட்டுக்கொண்டு தட்டுகளை ஒவ்வொன்றாக நானே இறக்கினேன். தட்டுக்கு ஐம்பது. எந்தத் தட்டிலும் நாற்பத்தொன்பது இல்லை, ஐம்பத்தொன்றும் இல்லை. ஒவ்வொரு வாத்தையும் விரலால் தட்டிப் பார்த்தேன், விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போயிருக்கும். எல்லாம் மணி மாதிரி பேசின. ஒன்றில்கூட விரிசல் இல்லை. ஆனாலும் ஆயிரத்து இருநூறு, ஆயிரத்து இருநூற்று ஒன்று இல்லை, அந்த அம்மாள் தோற்றார் என்று மனதுக்குள் ஒரு நிம்மதி.

தரையில் விரித்த தார்ப்பாயில், படம் எடுப்பதற்காக, ஐம்பது ஐம்பதாக வரிசை கட்டி வைத்தோம். இருபத்து நான்கு வரிசை முடிந்தது. என் கையில் ஒரு வாத்து இருந்தது.

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். மறுபடி முதலிலிருந்து வைத்தேன். ஒன்று மிஞ்சியது. முதல் தடவை மிஞ்சியதை முதல் ஆளாக வைத்து, மூன்றாவது முறையும் அடுக்கினேன். இப்போது மிஞ்சியது வேறு ஒன்று. யாராவது மடியில் கொண்டுவந்து போட்டிருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அதைத்தான் நினைத்தேன். ஆயிரத்து இருநூற்று ஒன்றையும் கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரி சுட்டது.

"ப்பா," என்றான் குமரேசன், மெதுவாக, நோயாளியிடம் பேசுவதுபோல. "வைக்கும்போது ஒரு தட்டுல லாபம்னு சொல்லிட்டு, மறுக்கா ஒண்ணுன்னு ஆரம்பிச்சிருப்ப. வயசு ஆவுதுல்ல."

"தட்டுல ஐம்பத்தொண்ணு எங்கடா புடிக்கும்? எறக்கும்போதும் ஐம்பதுதானேடா இருந்துது?"

"எறக்கும்போதும் நீதானே எண்ணுன."



டிவிக்காரத் தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "சார், நீங்களும் அந்த அம்மாவும் முன்னாடியே பேசிக்கிட்டீங்களா? நல்லா பண்ணீங்க. ஆனா ஒண்ணு கூட வெச்சது கொஞ்சம் ஓவர்." வாழ்க்கையில் ஒரு பொம்மையைக்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதாத என்னைப் பார்த்து இப்படிச் சொன்னான். நான் பேசுவதற்குள் ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். மல்லிகா கைப்பையோடு வந்து நின்றார்.

"பெரியவரே, அதைத் திருப்பித் திருப்பி எண்ணிக்கிட்டு இருக்காதீங்க. அப்புடியே உட்ருங்க."

"ஏன்?"

"சும்மாத்தான் சொல்றேன். போயிட்டு வரேங்க."

சும்மா சொல்கிறவர்களைப் போல எனக்கு எரிச்சலூட்டுகிறவர்கள் உலகத்தில் கிடையாது.

அடுத்த மாதம் நிகழ்ச்சி வந்தது. சேலத்துக்காரர் ஜெயித்ததாகக் காட்டினார்கள். மல்லிகா சொன்ன எண்ணையே வெட்டிவிட்டார்கள். நான் மூன்று முறை எண்ணுவதை மட்டும், வேகமாக ஓடவிட்டு, கோமாளிச் சத்தம் சேர்த்துப் போட்டார்கள். ஜங்ஷன் டீக்கடையில் எனக்கு "லாபம்" என்று பேர் வைத்தார்கள். "வாங்க லாபம், டீ ஒண்ணா, ரெண்டா?" நோட்டு அமுதாவிடம் போனது. அந்தப் பெண் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "நீங்க அப்பப்ப பாருங்க தாத்தா" என்றாள். நான் பார்க்கவில்லை.

ஆனால் வாத்துகளை நான் விடவில்லை. கடைக்கு அனுப்பக் கூடாது என்று சூளை பிரித்த அன்றைக்கே சொல்லிவிட்டேன். அவற்றை அனுப்பிவிட்டால் என் கணக்கு சரி என்பதற்கு எந்த அத்தாட்சியும் இருக்காது. அந்த ஒன்று எது என்றும் தெரியவில்லை, தெரிந்தால் அதை மட்டும் எடுத்துக்கொண்டிருப்பேன். குமரேசன் கையெடுத்துக் கும்பிட்டான். கடைக்காரருக்கு வேறு சூளை போட வேண்டும், பத்து நாள் தாமதம்.

"வெச்சுக்க. எல்லாத்தையும் நீயே வெச்சுக்க. ஆனா சரக்கு சும்மா வராது."

"யாரு சும்மா கேட்டா? வாத்துக்கு ஆறரை ரூபா. ஆயிரத்து எரநூத்தி ஒண்ணுக்கும் தரேன்."

பென்ஷனிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கண் வரையாத வெள்ளை வாத்துகளை வைக்கோல் வைத்துப் பெட்டிகளில் அடுக்கி, வீட்டின் பின்னறையில் வைத்துப் பூட்டினேன். ஒரே சாவி, என் அரைஞாணில். அந்த அம்மாள் சொன்னதற்காக அல்ல, எரிச்சலில், இரண்டரை வருடம் அவற்றை எண்ணாமல் இருந்தேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ராத்திரியில் படியை எண்ணி, கூரை ஓடுகளை எண்ணிச் சமாளித்தேன்.

2009 போகிக்கு முதல் நாள், வெள்ளையடிக்க வேண்டும் என்று மனைவி அந்த அறையைக் காலி செய்யச் சொன்னாள். பெட்டிகளைப் பிரித்துக் கூடத்தில் வைத்தேன். கண் முன்னால் வாத்துகள் இருக்கின்றன, நான் என்ன செய்வேன்? "லாபம்" என்று ஆரம்பித்தேன். ஐம்பது ஐம்பதாக இருபத்து நான்கு வரிசை.

இரண்டு மிஞ்சின.

மூன்று முறை அடுக்கவில்லை. ஒரே முறைதான். உடனே பெட்டியில் போட்டு மூடிவிட்டேன். இரண்டில் எதையும் தொட்டுச் சூடு பார்க்கவில்லை, பார்த்திருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றும், பார்க்காததே நல்லது என்றும் தோன்றும். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மூக்குக் கண்ணாடிக் கதையை ஆரம்பிப்பார்கள். மறுநாள் காலையில் பட்டறைக்குப் போய்க் குமரேசன் மேஜையில் ஆறு ரூபாய் ஐம்பது காசை வைத்தேன்.

"எதுக்குப்பா இது?"

"வெச்சுக்க."

அதற்குப் பிறகு பெட்டிகளைத் திறக்கவில்லை. ஆக, கடைசியாக எண்ணிய அளவில், எனக்கு ஆன செலவு ஏழாயிரத்து எண்ணூற்றுப் பதின்மூன்று ரூபாய்.