மெழுகுவர்த்தி வைத்த ஸ்டேட்டஸ்

என் பிறந்தநாளன்று என்னைச் சாகடித்தவர் என் வீட்டுக்காரர்தான். அதற்கு அவருக்கு ஒரு போன் போதுமாக இருந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டி ரிட்டயர் ஆனவர். இப்போது நாள் முழுக்கப் போனைத் தேய்ப்பதுதான் அந்தக் கைக்கு வேலை. அன்று காலை எனக்கு வாழ்த்துப் போட ஆசைப்பட்டிருக்கிறார். பாஸ்போர்ட் சைஸில் எடுத்த, சிரிப்பே இல்லாத என் படம். சுற்றிலும் வெள்ளைப் பூக்கள். பிறந்தநாள் என்றால் கேக், கேக் என்றால் மெழுகுவர்த்தி என்று கீழே ஒரு மெழுகுவர்த்தி. அதற்கும் கீழே ஆசை பொங்கி, 'என்றும் உன் நினைவில்'. வாழ்த்து என்ற சொல்லைத் தவிர எல்லாம் இருந்தது. அதை ஸ்டேட்டஸில் ஏற்றிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

அவர் போன் அடித்தது. எடுத்தேன். ஆவடியில் இருக்கும் என் ஓர்ப்படி, யார் பேசுவது என்றுகூடக் கேட்கவில்லை.

"எப்ப எடுக்கறாங்க?" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"இன்னாத்த எடுக்கறாங்க?"

என் குரலைக் கேட்டதும் அலறிப் போனை வைத்துவிட்டாள்.

துண்டோடு ஓடி வந்தவரிடம் கத்தினேன். "இன்னாம்மா, நல்லாத்தானே கீது?" என்றார். சுவரொட்டியில் செத்தவர்களுக்கு எழுதுவதை எனக்கு எழுதிவிட்டு நல்லாத்தான் கீதாம்! அழிக்கச் சொன்னேன். அவர் தடவித் தடவித் தேடியபோது, பார்த்தவர்களின் பெயர்கள் வந்து நின்றன. அதில் என் தங்கச்சி பெயரும் இருந்தது.

கரையான்சாவடியில் இருக்கிறாள். மகளைக் கட்டிக்கொடுத்தபின் தனியாக. அந்தக் கல்யாணத்துக்குத்தான் எனக்கு வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பினாள். கூடப் பிறந்தவளுக்குத் தட்டில் வெற்றிலை பாக்கு, பூ வைத்து நேரில் வந்து கொடுக்க நேரமில்லையாம். நான் போகவில்லை. இன்றைக்கும் அதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதோடு பேச்சு நின்றது.

படத்தை அழித்தாயிற்று. ஆனால் அவள் பார்த்துவிட்டாளே.

"நீயே ஒரு போன் போடேன்," என்றார்.

"நான் உயிரோட கீறேன்னு நானே சொல்லணுமா? அக்கா செத்துட்டான்னு நெனச்சாளே, ஒரு வார்த்த கேட்டாளா?"

யார் யாரோ அழைத்தார்கள். வேலப்பன்சாவடியில் முன்பு குடியிருந்த வீட்டுக்காரம்மாகூட அழுதாள். ஒவ்வொரு முறை மணி அடிக்கும்போதும் தங்கச்சிதானோ என்று ஓடினேன். அவள் இல்லை. நான் செத்தால்கூட இவளுக்கு ஒன்றுமில்லை என்பதைச் சாகாமலே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறதே என்று அழுகை வந்தது.

சமையலறையில் பருப்பு அடிபிடித்தது. அதை இறக்கும்போதுதான் அவள் நெஞ்சு ஞாபகம் வந்தது. ஸ்டென்ட் வைத்த நெஞ்சு. படத்தைப் பார்த்து அங்கேயே விழுந்திருந்தால்? கதவைத் தட்டக்கூட ஆளில்லையே. என் ரோஷமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. என் போனிலிருந்து அழைத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தேன். பாதியில் நின்றது. அதன்பின் அவர் அழைத்தபோது சுவிட்ச் ஆஃப்.

"சட்டயப் போடுங்க, போலாம்," என்றேன். அவசரத்தில் எனக்குப் புடவைக் கொசுவம் நிற்கவில்லை.

எங்கள் மேனாம்பேட்டு வீட்டின் கேட்டைத் திறக்கும்போதே எதிரில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. தலை கலைந்து, காலில் செருப்பில்லாமல், மடியில் ரோஜா மாலையோடு அவள் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். இறங்கவில்லை. மாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே பார்த்தாள்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான்.

"எத்தினி வாட்டி போன் பண்றேன்! எடுத்தா இன்னாடி?"

"பயமா இருந்துச்சுக்கா," என்றாள். "உன் நம்பர்ல வேற யாருனா பேசிடுவாங்களோன்னு."