சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்

என் வீட்டு மேஜையில் உட்கார்ந்து ஒரு கணக்கைக்கூடத் தப்பாகப் போடாத பெண், பத்தாம் வகுப்பு போர்டு பரீட்சையில் கணக்கில் மட்டும் ஃபெயிலானாள். ரிசல்ட் வந்த அன்று எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் அது பாத்திரங்களின் மேல் போயிற்று. "குக்கர் உன்னை என்ன பண்ணுச்சு?" என்று என் கணவர் உள்ளேயிருந்து கேட்டார்.

அப்போது டவுனில் டெய்ரி ஃபார்ம் என்கிற பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் சாயங்காலங்களில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். எம்.எஸ்சி. முடித்துவிட்டு, கல்யாணமும் முடித்துவிட்டு, அரசு வேலைக்கு எழுதிப் போட்டுக் காத்திருந்த காலம். வருகிற பிள்ளைகளில் பெங்காலி உண்டு, தெலுங்கு உண்டு, மலையாளம் உண்டு. அவர்களோடு ஹிந்தியில் கத்துவேன். இவளோடு மட்டும் தமிழில் கத்துவேன்.

இவளுடைய அப்பாவுக்கு, கப்பலில் போக வேண்டிய கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் வேலை. அவருடைய பெற்றோர் இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து வந்து அங்கே குடியேறியவர்கள். மகள் டவுனில் படிக்கட்டும் என்று இங்கே குட்வில் எஸ்டேட் பகுதியில் தன் தங்கை வீட்டில் விட்டிருந்தார். அந்த அத்தைதான் மறுநாள் அவளைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்தாள்.

"கண்ணு பட்டிருச்சு மேடம். இல்லாட்டி இப்புடி ஆகுமா? அண்ணன் ஃபோன்ல ஒரே வார்த்தையாச் சொல்லிட்டாரு. ஜூலையில இன்னொரு பரீட்சை இருக்குதாமே, அதுலயும் ஏலாதுன்னா கப்பல்ல ஏத்தி விட்டுருன்னு. படிச்சது போதுமாம்."

ஒரு பாடத்தில் மட்டும் தவறியவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு தருவார்கள், கம்பார்ட்மெண்ட் என்று பெயர். அதுவும் போனால் பதினோராம் வகுப்பு கிடையாது. அந்தப் பெண் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏலாதுன்னு யாரு சொன்னது?" என்றேன். "நாளையிலேருந்து தினமும் அனுப்புங்க. தேற வைக்காம நான் விடப் போறதில்லை."

வீராப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, எங்கே கோளாறு என்று எனக்கே தெரியவில்லை. தினமும் வந்தாள். கொடுத்த கணக்கெல்லாம் போட்டாள், எல்லாமே சரி. "அப்புறம் ஹால்ல என்னதான்டி ஆச்சு?" என்று கேட்டால், "தெரியல மேம், பாதியிலேயே நின்னுருது" என்பாள். பயம் என்று அத்தை சொன்னாள், கவனம் போதாது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை.

ஜூன் மாதத்து மழை அடித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம். மற்ற பிள்ளைகள் யாரும் வரவில்லை. ஆறு மணிக்கெல்லாம் வெளியே கும்மிருட்டு. இவள் ஓர் இருபடிச் சமன்பாட்டை மளமளவென்று போட்டுக்கொண்டு வந்தாள். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கரண்ட் போய்விட்டது. மொபைல் டார்ச்சைப் போட்டு, அவள் நோட்டில் வெளிச்சம் விழுகிற மாதிரி டம்ளரில் சாய்த்து வைத்தேன்.

"ம், போடு."

பேனா நகரவில்லை.

"என்னடி, நோட்டு தெரியலையா?"

"தெரியுது மேம்."

"அப்புறம் என்ன?"

"உங்க மூஞ்சி தெரியல."

"என் மூஞ்சி எதுக்குடி உனக்கு?"

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "சரியாப் போட்டா நீங்க லேசாத் தலையாட்டுவீங்க மேம். தப்பாப் போனா உங்க புருவம் மேல போகும். உடனே நான் மாத்திருவேன்." பிறகு மெல்லச் சொன்னாள்: "ஹால்ல இருந்த மேடம் மூஞ்சில ஒண்ணுமே இல்ல. எது சரின்னு எனக்கு எப்புடித் தெரியும்?"

அடிப்பாவி! இத்தனை நாளும் இவள் கணக்கைப் படிக்கவில்லை, என்னைப் படித்திருக்கிறாள். அதுவும் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக! அன்று ராத்திரி கணவரிடம் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இது உனக்கு இப்பத்தான் தெரியுமா? மீன்காரனே உன் மூஞ்சியைப் பார்த்துதானே விலை சொல்றான்."

மறுநாள் அவள் வருவதற்கு முன்பே என் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுவிட்டேன்.

"இனிமே சரியா தப்பான்னு என்னைக் கேட்கக் கூடாது. வந்த விடையைத் தூக்கிக் கேள்விக்குள்ளே போடு. ரெண்டு பக்கமும் ஒத்துப்போச்சுன்னா சரி. இல்லைன்னா எங்கே சறுக்கினேன்னு நீயே தேடு." அப்படிப் போட்டுப் பார்க்க முடியாத கணக்கும் உண்டு. அதற்கு வேறு வழியில் இன்னொரு தடவை போடச் சொன்னேன். ஒரு வாளியில் எவ்வளவு பால் பிடிக்கும் என்று கேட்டால், லாரித் தண்ணீர் அளவுக்கு விடை வருகிறபோது சிரிக்கவாவது தெரிய வேண்டும் என்றும் சொன்னேன்.

முதல் சில நாட்கள் கொடுமை. அவளுக்கும்தான், எனக்கும்தான். பின்னாலிருந்து "சரியா மேம்?" என்று குரல் வரும். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு பீன்ஸ் நறுக்குவேன். கொஞ்ச நேரத்தில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்கும். திரும்பி நாலு போடு போடலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று இரண்டு ஆசையும் சேர்ந்தே வரும். "பஸ், பஸ், அழுதது போதும், போடு" என்று ஹிந்தியும் தமிழுமாகக் காலண்டரிடம் சொல்வேன்.

ஒருநாள் அழைத்துப்போக வந்த அத்தை இந்தக் காட்சியைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னா மேடம் இது? புள்ள மேல கோவமா? நீங்க முதுகக் காட்டி உக்காந்திருந்தா அவ என்னத்தப் படிப்பா? கப்பல் டிக்கெட்டுக்கு நான் போயி லைன்ல நிக்கணுமா வேணாமா, அதச் சொல்லிருங்க."

"யாரும் எந்த லைன்லயும் நிக்க வேணாம்" என்றேன். என் பிடிவாதத்தால் ஒரு பெண்ணின் படிப்பு போய்விடுமோ என்று தூக்கம் கெட்டது. ஆனால் நாற்காலியைத் திருப்ப மனம் வரவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாக அந்த "சரியா மேம்?" குறைந்தது. அதற்குப் பதிலாக, "சே, மைனஸை விட்டுட்டேன்" என்று தனக்குத்தானே பேசிக்கொள்கிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பீன்ஸ் நறுக்குவது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

பரீட்சைக்கு முந்தின நாள் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். ஓர் இருபடிச் சமன்பாடு கொடுத்தேன். இரண்டரை, மைனஸ் மூன்று என்று இரண்டு விடை எழுதிவிட்டு நிமிர்ந்தாள். இரண்டும் சரி. நான் புருவத்தை நெற்றிவரைக்கும் ஏற்றி, உதட்டைப் பிதுக்கி, என்னால் முடிந்த அளவுக்குக் கேவலமாக முகத்தை வைத்துக்கொண்டேன்.

அவள் முகம் வெளிறிப்போனது. பேனா அந்த விடைமேல் கோடு போடப் போனது. அடிக்காதேடி என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கோடு விழவில்லை. தலையைக் குனிந்து இரண்டரையைக் கேள்விக்குள் போட்டாள். பூஜ்யம் வந்தது. மைனஸ் மூன்றைப் போட்டாள். அதற்கும் பூஜ்யம். மறுபடி நிமிர்ந்து என்னையே பார்த்தாள்.

"மேம், உங்க மூஞ்சிதான் தப்பு."

சிரித்தேன், கண்ணும் நிறைந்துவிட்டது. அதை மறைக்க மறுபடி சுவர்ப்பக்கம் திரும்ப வேண்டியதாகிவிட்டது.

பரீட்சை நாளன்று நானும் அத்தையும் பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே ஒரே குடையில் நனைந்துகொண்டு நின்றோம். பிள்ளைகள் கும்பலாக வெளியே வந்தார்கள். இவள் வந்ததும் நான் அவள் முகத்தைத்தான் தேடினேன். சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. ஒன்றுமே கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்பதற்குள் அத்தையின் ஃபோன் அடித்தது. கச்சாலிலிருந்து அப்பா. அத்தை ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னாச்சு? மேடம் என்னா சொல்றாங்க?"

அத்தை என்னைப் பார்த்தாள். அந்தப் பெண் கையை நீட்டி ஃபோனை வாங்கிக்கொண்டாள்.

"மேமுக்கு எப்புடிப்பா தெரியும்? எழுதினது நான். ரெண்டு கணக்கு தப்பு, அது எதுன்னும் தெரியும். மத்ததெல்லாம் போட்டுப் பாத்துட்டேன். பாஸ்ப்பா. டிக்கெட் எடுக்க வேணாம்."

ரிசல்ட்டும் அதையேதான் சொன்னது.