பிழைக்கு மட்டும் முழுப்பெயர்

1. ஓர் எழுத்து

எங்கள் பத்திரிகையின் ஆண்டுநிறைவுச் சிறப்பிதழ் அச்சுக்குப் போக ஐந்து நாட்களே இருந்தன. நான் எழுதிய பக்கத்தில் பிழையான ஒருவரின் பெயர் போக இருந்தது.

அது டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் வெளிவரும் ஓர் உள்ளூர்ப் பத்திரிகை. அங்கே இருபத்திரண்டு வருடங்கள் வேலை செய்தேன். முதலில் மரண அறிவித்தல் எடுக்கும் மேசை, பிறகு செய்தி திருத்தும் டெஸ்க். சிறப்பிதழுக்காக, ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வந்த 'பெண்கள் பக்கம்' பற்றி எழுதும் வேலை எனக்குக் கிடைத்தது. பழைய பிரதிகளைக் கட்டி வைத்த பெரிய புத்தகங்களைப் புரட்டினேன். கேக் செய்முறை, காலுறை பின்னும் விதம், மேசைத்துணியில் பட்ட கறை போக்குவது. இவற்றுக்கு நடுவே வேறொரு எழுத்தும் இருந்தது. கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்த தாய்மார் பிள்ளைகளை எங்கே விட்டுவிட்டு வருகிறார்கள் என்று ஒருவர் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதியிருந்தார். ஒரு பெண் குழந்தையைத் தையல் மேசைக்குக் கீழே பெட்டியில் வைத்திருந்தாளாம். ஆறு வாரம் விடாமல் எழுதி, நகரசபையிடம் பதில் வாங்கி, ஒரு பாலர் பாடசாலையையே திறக்க வைத்திருந்தார். ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் 'கே' (K) என்ற ஓர் எழுத்து மட்டும்.

ஆசிரியர் ஹென்ரிக்கிடம் போனேன். "கே எண்டால் ஆர்?"

"காய்தான். அந்தக் காலத்துத் தலைமை ஆசிரியர். எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். நடைக்கூடத்தில படம் தொங்குது, பாக்கேல்லையோ?"

டேனிஷில் எல்லோரும் எல்லோரையும் 'நீ' என்றுதான் பேசுவோம். எங்கள் தமிழ்ப் பேச்சில் எழுதும்போதும் அப்படியே விட்டிருக்கிறேன். காய் என்பது தமிழில் சமையல் பக்கத்துக்குப் பொருத்தமான பெயர்தான். ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை.

"காலுறைக்குக் குதி பின்னுறது எப்பிடியெண்டும் காய்தான் எழுதினவரோ?" என்று கேட்டேன்.

ஹென்ரிக் நியாயமான மனிதர். சிரித்துவிட்டுச் சொன்னார்: "ஆதாரம் கொண்டு வா, மாத்துறன். வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும்தான். அதுக்குப் பிறகு லேஅவுட்டில கைவைக்க ஏலாது."

2. ஜெயந்தி சொன்னது

அன்று பின்னேரம் கடையில் ஜெயந்தியைக் கண்டேன். முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை செய்பவள், எங்கள் தெருக்காரி. மனதில் இருந்ததையெல்லாம் அவளிடம் கொட்டினேன்.

"அக்கா, எங்கட இல்லத்தில ஒரு மனுசி இருக்கிறா," என்றாள். "தொண்ணூற்றிமூண்டு வயசு. காலமை உங்கட பேப்பர் வந்தால் பேனையோட இருந்து பிழை திருத்துவா. நான் மருந்து கொண்டு போனாலும் 'இந்தப் பந்தி முடியட்டும்' எண்டுவா. தான் அங்க வேலை செய்ததெண்டு சொல்லுறவ. நாங்கள் சும்மா சொல்லுறா எண்டு நினைச்சம்."

"அவவின்ர பேர் என்ன?"

"கிர்ஸ்டன்."

அந்த அம்மாவின் சம்மதத்தைக் கேட்டு ஜெயந்தி தகவல் அனுப்பினாள். அடுத்த நாள் போனேன். கிர்ஸ்டன் ஜன்னலோரம் இருந்தார். நான் பெயரைச் சொன்னதும், "ஓ, நீதானா? நல்லா எழுதுறாய். மூண்டாவது பந்தி எப்பவும் தேவையில்லாமல் வருது," என்றார். அவர் சொன்னது உண்மை.

இருபது வயதில் தட்டெழுத்து வேலைக்குச் சேர்ந்தவர். பெண்கள் பக்கத்தை எடுக்க ஒருவரும் முன்வராததால் அது அவர் மேசைக்கு வந்ததாம்.

"கவலையாக இருந்ததோ?" என்று கேட்டேன்.

"கவலையோ? அந்தப் பக்கத்தை ஆம்பிளையள் ஒருத்தரும் வாசிக்கிறேல்லை. அதால நான் என்ன எழுதினாலும் அச்சாகினாப் பிறகுதான் அவைக்குத் தெரியவரும்."

"பேர் போடேல்லையே?"

"அவைக்கு முழுப்பேர், எனக்கு ஓர் எழுத்து. காயும் கேயில துவங்கினதால அவருக்கு வசதியாப் போச்சு."

ஆதாரம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். சம்பளச்சீட்டு, கடிதம் எதுவும் இல்லை. வீடு மாறும்போது எல்லாம் போய்விட்டது. என் முகம் வாடியதைப் பார்த்திருக்க வேண்டும். திடீரென்று சிரிக்கத் தொடங்கினார்.

"ஒருக்கா றபாபர் கேக்குக்கு ஒரு கோப்பை சீனி எண்டு எழுதிறதுக்குப் பதிலா ஒரு கோப்பை உப்பு எண்டு எழுதிப்போட்டன். ஊர் முழுக்கச் சுட்டுச் சாப்பிட்டுட்டுது. காலமை தொடக்கம் டெலிபோன். காய்க்கு வந்த கோவத்தில, 'இது ஆர் விட்ட பிழையெண்டு சனத்துக்குத் தெரியவேணும், உன்ர முழுப்பேரையும் போட்டுத் திருத்தம் எழுது' எண்டார். அண்டைக்குத்தான் என்ர பேர் முதன்முதலா அச்சில வந்தது."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "எந்த வருஷம்?"

"அது ஞாபகமில்லை. றபாபர் முளைக்கிற காலம்."

3. நிலவறை

றபாபர் என்பது வசந்தத்தில் முளைக்கும் புளிப்பான சிவப்புத் தண்டு. அதனால் ஒவ்வொரு வருடத்திலும் மே, யூன் மாதங்களை மட்டும் பார்த்தால் போதும். பத்திரிகையின் நிலவறையில் இரண்டு நாள் இருந்தேன். விரல்கள் மையால் கறுத்தன. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு, ஒரு மே மாதப் பக்கத்தின் மூலையில், கட்டம் போட்ட சிறிய திருத்தம் கண்ணில் பட்டது:

"நேற்றைய கேக்கில் உப்பு அல்ல, சீனி. இப்பக்கத்தை 'கே' என்ற பெயரில் எழுதிவரும் கிர்ஸ்டன் விட்ட பிழை இது. தலைமை ஆசிரியருக்கு இப்பக்கத்தில் எந்தப் பங்கும் இல்லை." கிர்ஸ்டனின் குடும்பப் பெயரும் முழுதாக இருந்தது.

புத்தகத்தை அப்படியே தூக்கிக்கொண்டு படியேறினேன். ஹென்ரிக் இரண்டு தரம் வாசித்தார்.

"எந்தப் பங்கும் இல்லையாம்," என்றார் மெதுவாக. "அவரே எழுத வைச்சிருக்கிறார்." பிறகு லேஅவுட் செய்கிறவரை எழும்பிப்போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். காயின் பெயர் போய், கிர்ஸ்டனின் முழுப்பெயர் தலைப்பின் கீழே ஏறியது.

இதழ் வந்த அன்று ஹென்ரிக்கும் என்னோடு இல்லத்துக்கு வந்தார். கிர்ஸ்டன் உதட்டுச்சாயம் பூசி, நீலச் சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தார். தன் பெயரை விரலால் தடவி வாசித்தார். ஜெயந்தி அவர் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றாள். நான்தான் அழுதேன், அவர் அழவில்லை.

பிறகு ஹென்ரிக்கைப் பார்த்து, "அடுத்த கிழமைக்கு எத்தனை சொல்லில கட்டுரை வேணும்?" என்று கேட்டார்.

ஹென்ரிக் என்னைப் பார்த்தார். "நானூறு," என்றார்.

கிர்ஸ்டன், இல்லத்து மதியச் சாப்பாட்டில் உருளைக்கிழங்கு அளவுக்கு மேல் அவிந்து போவதைப் பற்றி எழுதினார். முழுப்பெயரோடு வந்தது. சமையலறைக்காரர் கோபித்தார், பிறகு உருளைக்கிழங்கு திருந்தியது.

பத்திரிகை வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். பழைய காலத்தில் ஒரு வேலையை உண்மையில் யார் செய்தார்கள் என்று தேடும்போது பாராட்டு விழாச் செய்திகளை நம்பாதீர்கள், திருத்தங்களை வாசியுங்கள். நல்லதுக்கு உரிமை கொண்டாட நிறையப் பேர் இருந்திருப்பார்கள். பிழையைத்தான் உரியவரின் பெயரில் சரியாக எழுதி வைத்திருப்பார்கள்.