கோழிக்கூட்டிலும் வார்ட்டிலும் ஒரே கிருமி

தொண்ணூற்றிரண்டில் தென்மராட்சியில் ஓர் ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் நான் வேலை செய்தேன். அந்த வருடம் என் தங்கச்சிக்கு அங்கேதான் வயிற்றைக் கீறிப் பிள்ளை எடுத்தார்கள். பிள்ளை சுகம். வீட்டுக்குப் போன ஐந்தாம் நாள் அவளுடைய தையலில் சீழ் கட்டியது. அதிலிருந்த கிருமியை நானே வளர்த்துப் பார்த்தேன். மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் விளக்குச் சூட்டில்தான் கிருமி வளர்க்கும் தட்டுகளை வைப்போம். போர்க்காலப் பொருளாதாரத் தடையைத் தாண்டி வந்து சேர்ந்திருந்த நான்கு மருந்துகளில் ஒன்றுக்கும் அந்தக் கிருமி அசையவில்லை. பத்து நாளில் அவள் போய்விட்டாள்.

எனக்கு அழுகை வரவில்லை. இதற்குப் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்றிருந்தது.

அவள் வீட்டுப் பின்வேலியை ஒட்டி ஒருவர் கோழிப்பண்ணை வைத்திருந்தார். வார்ட்டில் ஆட்கள் மருந்துக்குக் காத்துக் கிடக்க, அவர் கோழிகளின் தண்ணீரில் டெட்ராசைக்கிளின் தூள் கலந்துகொண்டிருந்தார். தங்கச்சியின் புண்ணைக் கழுவிய கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் எடுத்தேன். வேலிக்குள் கைவிட்டுக் கோழி எச்சமும் எடுத்தேன். இரண்டிலும் அதே நான்கு மருந்துக்கும் அடங்காத கிருமி.

டொக்டரிடம் காட்டினேன்.

"ஒரே சட்டை போட்ட ரெண்டு பேரை ஒரே ஆளெண்டு சொல்லேலாது, பிள்ளை. எங்கடை வார்ட்டையும் ஒருக்காப் பாரும்," என்றார்.

பார்க்கவில்லை. நேரே சந்தைக்குப் போனேன். முட்டை வாங்க நின்ற பெண்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு கிழமைக்குள் அவருடைய முட்டையை வாங்க ஆளில்லை.

பண்ணைக்காரர் ஆய்வுகூட வாசலுக்கு வந்தார். சேர்ட்டில் உமி ஒட்டியிருந்தது.

"பிள்ளை, நான் என்ன செய்தனான்? கோழி சாகாமல் இருக்கத்தானே மருந்து போட்டனான்."

"உங்கடை கோழி சாகேல்லை. என்ரை தங்கச்சிதான் செத்தவள்."

"தீனி கிடைக்கேல்லையெண்டு உங்கடை வார்ட்டிலை மிஞ்சிற சோத்தைத்தான் ரெண்டு வருசமா அள்ளிக்கொண்டு போறன். அதையும் ஒருக்காப் பாருமன்."

அவர் போன பிறகு வார்ட்டுக்குப் போனேன். கை கழுவும் தொட்டியிலும் மிச்சச் சோற்று வாளியிலும் பஞ்சால் ஒற்றி எடுத்தேன். இரண்டிலும் அதே கிருமி வளர்ந்தது. வார்ட்டிலிருந்து கோழிக்குப் போனதா, கோழியிலிருந்து வார்ட்டுக்கு வந்ததா, என் தட்டுகளால் சொல்ல முடியவில்லை. தங்கச்சி வார்ட்டிலிருந்து வீட்டுக்கு வரும்போதே அதைக் கொண்டு வந்திருக்கவும் கூடும்.

டொக்டரிடம் அறிக்கையைக் கொடுத்தேன். தொட்டியை உடைத்தெடுத்தார்கள். சோறு வெளியே போவது நின்றது.

"சந்தையிலையும் போய் இதைச் சொல்லும்," என்றார்.

"ஓம்," என்றேன்.

சொல்லவில்லை. அந்த மாதக் கடைசியில் பண்ணைக்காரர் கோழிகளைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு, மகள் வீட்டோடு இருக்கக் கிளிநொச்சிக்குப் போனார். வேலிக்கு மேலால் எட்டி வெறுங்கூடுகளைப் பார்த்தேன். அவர் குற்றவாளியோ இல்லையோ, அவரும் எதையாவது இழக்க வேண்டும் என்று நான் விரும்பியிருந்தேன். தங்கச்சி செத்த பிறகு அன்றைக்குத்தான் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.