கூரைத் தண்ணீர்

இது நடந்தது. கதை கட்டுகிறேன் என்று நினைப்பவர்கள் என் கணவர் ஓபேனைக் கேட்கலாம். ஆனால் அவர் இதைப் பற்றிப் பேசமாட்டார்.

எங்கள் மகன் மூச்சில்லாமல் பிறந்தான். ஞானஸ்நானம் பெறாதவனுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்றார் சாமியார். ஓபேன் அவனைத் தன் கல்யாணச் சட்டையில் சுற்றி, ஆற்றுக்கு அக்கரையில், எங்கள் ஆப்பிள் தோப்பில் புதைத்தார். பெயரில்லாத பிள்ளையை என்ன சொல்லிக் கூப்பிட்டு அழுவது? அழாமலே இருந்தேன்.

அந்த ஆகஸ்டில், பர்கண்டியில் உள்ள எங்கள் ஊர்க் கோயிலின் வடக்குச் சுவர் ஊறுகிறதென்று, மழைத்தண்ணீரை வாங்கும் தகரப் பீலி பொருத்த ஓபேனை அழைத்தார்கள். மிகப் பழைய கோயில். கூரை விளிம்பைத் தாங்கி வரிசையாகக் கல் தலைகள். காட்டுப்பன்றி, சடை போட்ட பெண், இரு கையாலும் வாயைக் கிழித்து இளிக்கும் ஒருவன்.

சாயங்காலம் ரொட்டி கொண்டுபோனேன்.

“இவனைப் பாரு, உன் அண்ணன் ஜாடையேதான்,” என்றார் ஏணியிலிருந்து.

“அவன் இவ்வளவு அழகில்லை.”

பல மாதம் கழித்துச் சிரித்தோம். பீலியைப் பற்றவைக்க ஈயம் எடுத்துவர அவர் வீட்டுக்குப் போனார்.

ஆறு மணி அடித்தது.

சொட்…

நிமிர்ந்தேன். வாரக்கணக்கில் மழையில்லை. கல் தலைகள் காய்ந்து வெளுத்திருந்தன.

சொட்… சொட்…

சத்தம் மேலே இல்லை. காலடியில். சொட்டுவதும் இல்லை.

சப்புவது…

பசித்த சின்ன வாய்கள். சுவர் நெடுக.

என் மார்பு கனத்தது. சட்டை நனைந்தது.

பால்.

ஈஸ்டருக்கு முன்பே வற்றிய பால்…

திரும்பிவந்த ஓபேன் என் சட்டையைப் பார்த்தார்.

“என்னடி ஆச்சு?”

“பீலியைக் கழட்டுங்க.”

“பைத்தியமா உனக்கு?”

“தண்ணியைத் தடுக்காதீங்க. கழட்டுங்க!”

ஏன் அப்படிச் சொன்னேன், எனக்கே தெரியாது. கழற்றினார்.

பீலி இல்லாததால், அக்டோபரில் சுவரோரம் வடிகால் வெட்டினார்கள். கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் சின்னஞ்சிறு எலும்புக்கூடுகள், வரிசையாக. கோயிலைப் பெருக்கும் லியோந்தின் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“ஞானஸ்நானம் கிடைக்காத பிள்ளைங்கடி. கோயில் கூரையைத் தொட்டு விழற மழையே ஞானஸ்நானம்னு அந்தக் காலத்துல இங்க புதைப்பாங்களாம். எங்க பாட்டி காலத்துலயே நின்னுபோச்சு.”

ஒன்று மட்டும் பழையதல்ல. மற்றவை இருபுறமும் ஒதுங்கி இடம் விட்டதுபோல, நடுவில்… ஓபேனின் கல்யாணச் சட்டையில் சுற்றியிருந்தது.

அவர் அக்கரைக்கு ஓடினார். திரும்பியபோது கையெல்லாம் மண்.

“புல்லுகூடக் கலையல. தோண்டிப் பார்த்தேன்… உள்ள ஒண்ணுமில்ல.”

அவனை எடுக்க நான் விடவில்லை. மண்ணை மூடினார்கள். மழை பிடித்துக்கொண்டது. கூரைத் தண்ணீர் அவன்மேல் விழ விழ, ரெமி, ரெமி என்று பெயர் சொல்லி முதல்முறையாகக் கூப்பிட்டு அழுதேன்.